சம்பந்தியின் கேரவன் வெறுமனே திரும்பாது

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமுகத்திற்கு, உங்கள் மாப்பிள்ளையின் தகப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் உங்கள் மகளும் சுகம். அங்கே உங்கள் சுகமும் சம்பந்தியம்மாவின் முழங்கால் சுகமும் அறிய ஆவலாக இருக்கிறோம். கப்பலில் வேலைக்குப் போயிருக்கும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம் என்றுதான் தகவல். கடல் கொஞ்சம் ஆடுகிறதாம், அவன் ஆடவில்லையாம். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போக நீங்கள் பெரிய மனசு பண்ணி இரவல் கொடுத்த கேரவனும் பரம சௌக்கியமாக வாசலில் நிற்கிறது, அதன் படிக்கட்டு ஒன்றைத் தவிர. படிக்கட்டு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதை மட்டும் முதலில் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப்போட வேண்டாம்.

நேற்று போனில் நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டு வந்து விடறப்போ பொண்ணையும் கூட்டிட்டு வந்துடுங்க சம்பந்தி. மாப்பிள்ளை கப்பல்ல இருந்து இறங்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். அதுக்கப்புறம் பார்க்கலாம்" என்றீர்கள். பெண்ணைக் கூப்பிட்டது நியாயம். அந்தப் 'பார்க்கலாம்'தான் என்னைத் தூங்க விடவில்லை. ஆயுசில் பாதியை மரச்சாமான் கடையில் கட்டிலும் பீரோவும் விற்றுக் கழித்தவன் நான். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிய ஒரு வாடிக்கையாளர்கூடத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஆமா சம்பந்தி, ஆமா சம்பந்தி" என்பேன், அதோடு முடிந்துவிடும். உங்கள் மகளை அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். என் மனைவிக்கு உங்கள் போன் விஷயமும் தெரியாது, இந்தக் கடித விஷயமும் தெரியாது. தெரிந்தால் எனக்கு இரவுச் சாப்பாடு கிடைப்பது சந்தேகம்.

குற்றம் எங்கள் பக்கம் இல்லை என்று நான் சாதிக்கவில்லை. "இந்த வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்னே தெரியலம்மா" என்று உங்கள் மகள் சம்பந்தியம்மாவிடம் அழுதாள் என்றீர்கள். அழுதிருப்பாள். என் மனைவி பெரியாஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றது ஆஸ்பத்திரிதான், அவள் பெறவில்லை. வீடுதான் இப்போது வார்டு. மருமகள் டம்ளரைக் கழுவி வைத்தால் எடுத்து இன்னொரு தரம் கழுவுவாள். போர்வையை மடித்தால் பிரித்து மறுபடி மடிப்பாள். பேசுவது மூன்றே வார்த்தை: சாப்பிடு, போதும், படு. வஞ்சகம் ஒன்றும் இல்லை சம்பந்தி, கல்யாணமான நாளிலிருந்து என்னிடமும் அதே மூன்று வார்த்தைதான், திட்டும்போது மட்டும் கொஞ்சம் நீளும், எனக்குப் பழகிவிட்டது. சின்னப் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஆனால் அவள் அழுதது கேரவன் பயணத்துக்கு முன்னால். பின்னால் நடந்ததை நீங்கள் கேட்க வேண்டும்.

வண்டியை ஒப்படைத்த அன்று காலை முழுக்க நீங்கள் எனக்குப் பாடம் நடத்தினீர்களே, நினைவிருக்கிறதா? கூரை ஓரத்து ரப்பரை விரலால் தடவிக் காட்டி, இதில் கீறல் விழுந்தால் மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கி மரத்தையே தின்றுவிடும் என்றீர்கள். டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்றீர்கள். கிளம்பும் முன் கேஸ் சிலிண்டரை மூட வேண்டும், நின்ற இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் காரைக் கழற்றவே கூடாது, இன்னும் என்னென்னவோ சொன்னீர்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உள்ளுக்குள் என்ன நினைத்தேன் என்றால், ஊரில் உள்ள பீரோவை எல்லாம் ஏற்றி இறக்கினவனுக்கு இது ஒரு வித்தையா, ஒரு பெட்டி, ரெண்டு சக்கரம், இழுத்தா வருது, அவ்வளவுதானே என்று. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! உங்கள் மகள் மட்டும் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பல் முளைத்ததே அந்த வண்டிக்குள்தான் என்று சம்பந்தியம்மா சொன்னது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

என் மனைவி முதலில் வரவே மாட்டேன் என்றாள். "பெட்டிக்குள்ள போய் யாராவது படுப்பாங்களா?" என்றாள். நானும் மருமகளும் மட்டும் போவதாகச் சொன்னதும் மூட்டையைக் கட்டிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது விழுந்து வைப்பீங்க, அப்புறம் தையல் போட யாரு இருக்கா?" என்று காரின் பின்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ரவுண்ட்ஸுக்கு வந்த பெரிய டாக்டர் மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

புறப்படும் முன் உங்கள் மகள் வண்டியைச் சுற்றி வந்தாளே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவேளை நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதானோ என்னவோ. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, வாய்விட்டுச் சொன்னாள். "கொக்கி காரோட குண்டு மேல முழுசா உக்காந்திருக்கு. பூட்டியாச்சு. பூட்டு கழலாம இருக்க ஊசி சொருகியாச்சு. லைட்டு ரெண்டும் எரியுது. சங்கிலி ரெண்டையும் அடியில குறுக்கா மாட்டியாச்சு." எதற்கம்மா குறுக்கே என்று கேட்டேன். "கொக்கி தவறிப்போனாலும் வண்டியோட மூக்கு ரோட்டுல குத்தாம சங்கிலி தொட்டில் மாதிரி தாங்கிக்கும் மாமா" என்றாள். அதுவரை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி இந்தப் பக்கம் திரும்பினாள். திரும்பினதோடு சரி. கடைசியாக, "மாமா, படி மடிச்சாச்சா?" என்றாள் மருமகள். "ஆச்சும்மா" என்றேன். "பார்த்தீங்களா?" "பார்க்காமயா சொல்லுவேன்?" சம்பந்தி, நான் பார்க்கவில்லை. கடையில் இருந்த காலத்துப் பழக்கம், "கட்டில் ரெடியா?" என்று யார் கேட்டாலும், மரம் இன்னும் காட்டில் நின்றால்கூட, "ஆச்சு சார்" என்றே சொல்லிப் பழகிய வாய். வண்டி கேட்டைத் தாண்டும்போது படார் என்று ஒரு சத்தம் வந்தது. இறங்கிப் பார்த்தால் உங்கள் படிக்கட்டு கேட் தூணோடு கைகுலுக்கிவிட்டு வளைந்து போய் நிற்கிறது. நான் தூணைத் திட்ட வாயெடுத்தேன். பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: "கத்திரிக்கோலை எண்ணாம வயித்தைத் தைக்கிற டாக்டருங்க இருக்காங்கல்ல, நீங்க அந்த ஜாதி." மருமகள் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை, அவளே போய்ப் பார்த்துக்கொண்டாள்.

வழியில் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொல்லி, சக்கரத்து நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தாள். நிமிர்ந்தால் பக்கத்தில் என் மனைவி நிற்கிறாள். "எதுக்கு இது? வீட்டுலயே முறுக்கினியே?" என்று கேட்டாள். மூன்று வார்த்தைக்கு மேல் அவள் மருமகளிடம் பேசியது அதுதான் முதல் தடவை, நான்தான் சாட்சி. "ஓடினா கொஞ்சம் தளரும் அத்தை. ஒரு தடவை பார்த்தது போதும்னு இருக்கக் கூடாது." என் மனைவி "ம்" என்றாள். எங்கள் வீட்டில் அந்த "ம்" லேசில் கிடைக்காது. எனக்குக் கிடைத்ததே இல்லை.

கேரவன்கள் வந்து தங்குகிற ஏரிக்கரை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே குறுகலான இடத்தில் வண்டியைப் பின்பக்கமாக நுழைத்து நிறுத்த வேண்டும். நான் செய்கிறேன் என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். இடது பக்கம் போகட்டும் என்று திருப்பினால் வலது பக்கம் போகிறது, வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போகிறது, நேராகப் பிடித்தால் மடங்கிக்கொண்டு காரையே திரும்பிப் பார்க்கிறது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குப் பழக்கமான நடத்தைதான், ஆனாலும் வண்டியிடம் எதிர்பார்க்கவில்லை. அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. ஒரு தாடிக்காரர் "ஒடிங்க சார், ஒடிங்க" என்கிறார், எதை ஒடிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் மருமகள் ஜன்னல் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "மாமா, கையை ஸ்டியரிங்குக்கு மேல வைக்காதீங்க, அடியில பிடிங்க. கை எந்தப் பக்கம் போகுதோ, வண்டியோட பின்பக்கமும் அந்தப் பக்கமே போகும். மெதுவா போனா போதும்." அடியில் பிடித்தேன். என்ன ஆச்சரியம், அரை வண்டி சொன்னபடி கேட்டது! மீதி அரை வண்டிக்குள் எனக்கு வியர்த்து ஊற்ற, அவளிடமே கொடுத்துவிட்டேன். சர்ரென்று ஒரே போக்கில் கொண்டுபோய் மரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் சொருகினாள் பாருங்கள், தாடிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். என் மனைவி கைதட்டவில்லை. ஆனால் கைப்பையைத் திறந்து தன் சொந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து மருமகளிடம் நீட்டினாள். அந்த பாட்டிலில் நான் வாய் வைத்தால் கொதிநீரில் போட்டு எடுப்பாள்.

இனிமேல் வருவதுதான் முக்கியம். மறுநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். வெளியே வண்டியோரம் கட்டிய துணி மறைப்புக்கு அடியில் வைத்திருந்த கரி அடுப்பில் என் மனைவி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். சாரல் அடிக்கவே அடுப்பை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தாள். கூரையில் இருந்த காற்றுத் திறப்பை, பனி காதில் இறங்குகிறது என்று காலையிலேயே துணியை வைத்து அடைத்திருந்தாள். மருமகள் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"அத்தை, இது உள்ள வரக் கூடாது."

"நகரு. கஞ்சி ஆறுது."

"ஆறட்டும் அத்தை. அடுப்பு வராது."

"என் வீட்டுல இதுவரைக்கும் யாரும் என்னை இப்படி மறிச்சதில்ல."

"இது வீடு இல்ல அத்தை. வீடு மாதிரி தெரியுது, அவ்வளவுதான். இதுக்குள்ள இருக்கிற காத்து கொஞ்சம். கரிப்புகை அதைத் தின்னுடும். நாம தூங்கறோம்னு நினைச்சுக்கிட்டே போயிடுவோம். அந்தத் துணியையும் நான் எடுக்கத்தான் போறேன்."

மழை கொட்டுகிறது, ரெண்டு பேரும் அசையவில்லை, நடுவில் அடுப்பு, அடுப்பு மேல் கஞ்சி. நான் சட்டென்று குடையைத் தேடுவது போலக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டேன். இன்றைக்கு வீடு ரெண்டாகிறது என்றே முடிவு கட்டிவிட்டேன். சத்தம் வரும், வரும் என்று பார்க்கிறேன், வரவில்லை. தலையை வெளியே எடுத்தால் என் மனைவி அடுப்பைக் கொண்டுபோய் மழையிலேயே வைத்துவிட்டு, கஞ்சிப் பானையை மட்டும் முந்தானையால் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நிற்கிறாள். "ஒரு தடவை ஒரு குடும்பமே வந்துச்சு ஆஸ்பத்திரிக்கு. குளிருக்கு உள்ள கரி போட்டிருக்காங்க. கன்னமெல்லாம் செக்கச்செவேல்னு, தூங்கற மாதிரியே இருந்தாங்க. நான்தான் முகத்தைத் துடைச்சு விட்டேன். அதுல ஒண்ணு கைக்குழந்தை" என்றாள். பிறகு, "தெரிஞ்சே மறந்துட்டேன் பாரு. நீ மறக்கல" என்றாள். மருமகள் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள். என் மனைவி தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள், சம்பந்தி! நான் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் குடையைத் தேடப் போனேன், கண்ணைத் துடைத்துக்கொள்ள வேறு இடம் இல்லை.

அன்றிலிருந்து என் மனைவி ஆளே மாறிப்போனாள். சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, புகையோ கேஸோ கசிந்தால் கத்துமே, அதை எப்படிச் சோதிப்பது என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், தினமும் விடிந்ததும் பொத்தானை அமுக்கி அது கத்துகிறதா என்று பார்ப்பாள். அது கத்தும், நான் கட்டிலிலிருந்து விழுவேன், "வேலை செய்யுது" என்பாள். கிளம்பும்போது மருமகள் சுற்றி வந்து வாய்விட்டுச் சொல்ல, இவள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து "சரி" சொல்லுவாள். "இவளுக்கு டியூட்டி தெரியுதுங்க" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை எந்த டாக்டரையும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

இதோடு நிறுத்தினால் நான் யோக்கியன். ஆனால் உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? ஏரியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்து வண்டியை ஒப்படைப்பதாகத்தான் திட்டம். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது என் மனைவியின் கொள்கை. பக்கத்து வீட்டுக் கிண்ணம் என்றால் அதில் நாலு பழத்தைப் போட்டுக் கொடுத்துவிடலாம். கேரவனில் எதைப் போடுவது? வழியில் ஒரு செடித் தோட்டக் கடை வந்தது. மருமகளுக்குக் கப்பலில் இருந்து போன் வரவே அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடிக்குப் போனாள். கடலுக்கு நடுவில் இருப்பவனுக்குச் சிக்னல் கிடைப்பதே அபூர்வம், பேசட்டும் என்று விட்டுவிட்டு, நாங்கள் ரெண்டு பேரும் திருட்டுத்தனமாக ரோஜாத் தொட்டிகளை வாங்கினோம். ஒன்றா ரெண்டா, பெரிய பெரிய மண்தொட்டி, சம்பந்தியம்மா மாடி நிறைய வைக்கிற அளவுக்கு. கடைக்காரர் வேறு அன்பாகத் தண்ணீர் ஊற்றி நனைத்துக் கொடுத்தார். ஏற்றுகிற வேலை என்னுடையது. என் தொழில் புத்தி என்ன சொல்லும்? எது முதலில் இறங்க வேண்டுமோ அது கடைசியில், வண்டியின் வால் பக்கம். உங்கள் வீட்டில் முதலில் இறங்க வேண்டியது தொட்டிகள்தானே? அத்தனையையும் பின்பக்கச் சாமான் அறையில் அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டேன். அடுக்கின அழகைப் பார்த்து நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நீள இறக்கம். காரை ஓட்டினது நான்தான், சம்பந்தி. ஒரு லாரி பக்கத்தில் உரசுகிற மாதிரிப் போனது. போனதும் கேரவன் லேசாக வாலை ஆட்டியது. நாய்க்குட்டிதான் வாலை ஆட்டும் என்று பார்த்தால், வால் நாயை ஆட்ட ஆரம்பித்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, ஒவ்வொரு இழுப்பும் முந்தினதைவிடப் பெரிசு. நான் பதறிப்போய் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கிவிட்டேன். "பிரேக் வேண்டாம் மாமா!" என்று ஒரு குரல். உங்கள் மகள் கத்தவில்லை, கவனியுங்கள். அழுத்திச் சொன்னாள், அவ்வளவுதான். "ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுங்க. ஸ்டியரிங்கை நேரா பிடிங்க. அது கூட மல்லுக்கட்டாதீங்க, ஆடட்டும், நேரா பிடிங்க." சொல்லிக்கொண்டே கையை நீட்டி, கேரவனுக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற அந்தக் குட்டி நெம்புகோலை மெல்ல, மெல்ல அமுக்கினாள். ஆட்டம் குறைந்தது. இன்னும் குறைந்தது. ஓரமாகப் போய் நின்றோம். அந்த ரோட்டின் ஓரத்தில் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று நான் எழுத மாட்டேன், உங்கள் நெஞ்சு தாங்காது. அன்றைக்கு அவள் மட்டும் பக்கத்து சீட்டில் இல்லாவிட்டால் நீங்கள் இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். வேறு ஏதோ கடிதம் வந்திருக்கும்.

இறங்கினாள், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள், பின்கதவைத் திறந்தாள், தொட்டிகளைப் பார்த்தாள். "வால் பக்கம் பாரம் ஏறினா மூக்கு லேசாயிடும் மாமா. அப்புறம் அது இழுத்த பக்கம்தான் நாம போகணும். கனமானது சக்கரத்துக்கு மேல, கொஞ்சம் முன்னால வரணும்" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போதுதான் கை நடுங்க ஆரம்பித்தது அவளுக்கு, பாவம், அதுவரை நடுங்கவில்லை. ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி முன்னால் வைக்கப் போனவள், நடுக்கத்தில் ஒன்றைக் கீழே போட்டுவிட்டாள். தூள் தூளாகப் போனது. இருக்கிறதிலேயே நல்ல ரோஜா, என் மனைவி ஆசை ஆசையாகப் பொறுக்கினது. உங்கள் மகள் அப்படியே உறைந்துபோய் மாமியார் முகத்தைப் பார்த்தாள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்று ஊர் உலகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறதே! என் மனைவி குனிந்து உடைந்த ஓடுகளை ஓரமாகத் தள்ளினாள். "மண்சட்டிதானே. உன் கையில கீறல் பட்டுச்சா, காட்டு" என்றாள். சம்பந்தி, அந்தப் பழமொழி அந்த ரோட்டோரத்திலேயே செத்துப்போனது. ரெண்டு பேரும் ரோட்டில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் ரோஜாச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற வருகிற வண்டிக்கெல்லாம் வழி காட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டுக்கு வருகிற தெம்பு யாருக்கும் இல்லை. மருமகளே ஓட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தாள். இப்போது தினமும் காலையில் மாமியாரும் மருமகளும் எங்கள் பழைய கடைக் குடோனுக்குப் பின்னால் இருக்கிற வெற்று மைதானத்துக்குக் கேரவனை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கால் உடைந்த நாற்காலிகளை வரிசையாக வைத்து, அதற்கு நடுவில் பின்பக்கமாக ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், டியூட்டிக்குக் காரை ஓட்டிப்போய்ப் பழகிய என் மனைவி. கையை அடியில் பிடிக்கிறாள். முதல் நாள் நாற்காலிகள் விறகாயின. நேற்று ஒன்றுகூட விழவில்லை. வீட்டில் டம்ளரை மருமகள் கழுவினால் இவள் எடுத்து அடுக்குகிறாள், மறுபடி கழுவுவதில்லை. நான் கழுவினால் மட்டும் இன்னும் ரெண்டு தரம்தான்.

எப்படித்தான் வளர்த்தீர்கள் சம்பந்தி இந்தப் பெண்ணை? மரியாதையும் குறையாமல், அடுப்பையும் உள்ளே விடாமல், ஒரு ஆளால் இருக்க முடியும் என்று எனக்கு இவளைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஆகவே நான் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை நானே, நான் ஒருத்தனே, வண்டியைப் பத்திரமாக ஓட்டிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் விடுகிறேன். வளைந்த படிக்கட்டை அதற்குள் நிமிர்த்திவிடுவேன். உங்கள் மகள் எங்களோடு இருக்கட்டும். ஆட்டம் கண்டு, பாரத்தை இடம் மாற்றி வைத்து, இப்போதுதான் எங்கள் வீட்டு வண்டி நேராக ஓட ஆரம்பித்திருக்கிறது. இந்த நேரத்தில் நீங்கள் பிரேக் போட்டுவிட வேண்டாம். தொட்டி விஷயமும் இறக்கத்து விஷயமும் நமக்குள் இருக்கட்டும், குறிப்பாக நான்தான் ஓட்டினேன் என்பது.

சம்பந்தியம்மாவின் முழங்கால் சீக்கிரம் மடங்கி நிமிர வேண்டும் என்றும், உங்கள் வீட்டுக் கூரையும் கேரவன் கூரையும் என்றும் ஒழுகாமல் இருக்க வேண்டும் என்றும் மனமார வாழ்த்தி முடிக்கிறேன்.

தங்கள் அன்பும் அச்சமும் கொண்ட சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதியதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம். கடிதத்தை மடித்து உறையில் வைக்கப் போகும்போது வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால் கேரவன் கட்டியாகிவிட்டது, ஓட்டுகிற சீட்டில் என் மனைவி, பக்கத்தில் உங்கள் மகள். உங்கள் போன் விஷயம் என் மனைவிக்குத் தெரியாது என்று எழுதினேன் அல்லவா? நேற்றே தெரியுமாம். உங்கள் குரலுக்குப் போன் எதற்கு சம்பந்தி, சும்மாவே எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கிறது. "பொண்ணை அனுப்பச் சொன்னாரு, கூட்டிட்டுப் போறேன். வாங்கின பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது, அதனால நானும் போறேன்" என்றாள். மருமகள் சிரித்துக்கொண்டே, "அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன் மாமா, நீங்க கவலைப்படாதீங்க" என்றாள். தொட்டிகளில் அவள் அனுமதித்த ஆறை மட்டும் சக்கரத்துக்கு நேர் மேலே வைத்திருக்கிறார்கள். நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். பாரம் அதிகமாகிவிடும் என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். போன் செய்து உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. கடிதத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு லாரிக்காரர் உங்கள் பக்கம்தான் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் முந்திவிடுவார், உங்கள் மகள் பக்கத்தில் இருக்கும்போது யாரையும் வேகமாக ஓட்ட விட மாட்டாள். அவர்கள் பின்பக்கமாக உங்கள் கேட்டுக்குள் நுழைகிறபோது தயவுசெய்து யோசனை சொல்லாதீர்கள், நின்று பார்த்துக் கைதட்டினால் போதும். வளைந்த படிக்கட்டை மட்டும் நீங்கள் நிமிர்த்திக்கொள்ளுங்கள். வண்டி உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் வீட்டுக் கொள்கையை இப்போது நீங்களும் தெரிந்துகொண்டீர்கள் சம்பந்தி: என் மனைவியை வெறுமனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.